குடும்பக் கடன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதச் சம்பளத்திலோ தினக்கூலியிலோ சிறு கடை வருமானத்திலோ ஓடுகிற தமிழ்நாட்டுக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது இது. பங்குச்சந்தை, மியூச்சுவல் ஃபண்ட் பற்றி இதில் எதுவும் இல்லை. மாதக் கடைசியில் யாரிடம் கைமாற்று கேட்பது என்று யோசிக்கும் வீட்டில் முதலில் வரும் கேள்விகள் வேறு.

சம்பளம் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, கையில் காசு இல்லை. எங்கே போகிறது என்றே புரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு மாதம் எல்லாச் செலவையும் நோட்டில் எழுதுங்கள். செல்போனில் எழுதினாலும் சரி. இந்த யோசனையை எல்லோரும் சொல்வார்கள், பலர் எழுதியும் பார்த்திருப்பார்கள். டீ, பூ, ரீசார்ஜ் என்று கூட்டிப் பார்த்து, "இதையெல்லாம் குறைத்தாலும் ஐந்நூறு ரூபாய்தானே மிஞ்சும்" என்று நோட்டை மூடி வைத்திருப்பார்கள். அவர்கள் நினைத்தது சரிதான். பெரும்பாலான வீடுகளைக் கடனில் தள்ளுவது டீச்செலவு அல்ல. வருடத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும் செலவுகள்தான்.

ஒரு வீட்டுக் கணக்கை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஜூனில் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை சேர்த்து 24,000 ரூபாய். தீபாவளிக்கு 12,000. வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 4,000. கல்யாணம், காதுகுத்து, மொய் என்று 14,000. குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய் வர 6,000. மொத்தம் 60,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,000. இந்த ஐயாயிரம் எந்த மாத பட்ஜெட்டிலும் எழுதப்படுவதில்லை. ஜூன் வந்ததும் "திடீர்ச் செலவு" என்று சொல்லி வட்டிக்கு வாங்குகிறோம். பள்ளிக்கூடம் ஒவ்வொரு ஜூனிலும்தானே திறக்கிறது?

அதனால் மாதச் செலவை எழுதுவதற்கு முன்பு இந்த வருடச் செலவுப் பட்டியலைப் போடுங்கள். பன்னிரண்டில் ஒரு பங்கைச் சம்பள நாளிலேயே தனியாக எடுத்து வையுங்கள். தபால் அலுவலகத் தொடர் வைப்பு ஐந்து ஆண்டுக்கானது, இதற்குச் சரிவராது. வங்கியில் ஓராண்டுக்குத் தொடர் வைப்பு (ஆர்.டி.) போடலாம், இல்லையென்றால் ஏடிஎம் கார்டே வாங்காத இன்னொரு சேமிப்புக் கணக்கில் போட்டு வைக்கலாம். முழுத்தொகை முடியாவிட்டால் பள்ளிக் கட்டணத்துக்கு மட்டுமாவது மாதம் இரண்டாயிரம் ஒதுக்குங்கள்.

மொத்தக் கடன் எவ்வளவு என்பதே தெரியவில்லை. எப்படிப் பட்டியல் போடுவது?

ஒரு தாளில் ஆறு விவரங்கள் போதும்: யாரிடம், வாங்கியது எவ்வளவு, இன்றைய அசல் பாக்கி எவ்வளவு, வட்டி என்ன, மாதம் எவ்வளவு கட்டுகிறோம், எதைக் கொடுத்து வாங்கினோம். கடைசி விவரம் முக்கியம். நகையா, வீட்டுப் பத்திரமா, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையா, ஏடிஎம் கார்டா, ரேஷன் கார்டா என்று எழுதுங்கள்.

கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். தனித்தனியாக எழுதினால் பட்டியல் முழுமையாக இருக்காது. மனைவிக்குத் தெரியாமல் ஆப்பில் வாங்கியது, கணவனுக்குத் தெரியாமல் சங்கிலியை வைத்தது, மகன் பெயரில் எடுத்த தவணை மொபைல் எல்லாம் இந்த ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட வேண்டும். கோபம் வரும், அழுகையும் வரும். யார் மீது தப்பு என்று அன்றைக்குப் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு உட்காருங்கள்.

வங்கி, நிதி நிறுவனக் கடன்களைச் சரிபார்க்கவும் வழி உண்டு. யார் எங்கே கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்ற விவரங்களைத் திரட்டி வைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதும் அதில்தான் தெரியும்.

மூணு வட்டி, அஞ்சு வட்டி, தண்டல், வங்கி வட்டி. எதை எதோடு ஒப்பிடுவது?

எல்லாவற்றையும் ஆண்டு சதவீதமாக மாற்றுங்கள். வெளியில் "நூத்துக்கு மூணு" என்றால் அது ஒரு மாதத்துக்கு, ஆண்டுக்கு 36 சதவீதம். அஞ்சு வட்டி 60 சதவீதம், பத்து வட்டி 120 சதவீதம். வங்கி சொல்லும் 11 சதவீதம் ஓராண்டுக்கு. மூன்றையும் பதினொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வங்கிதான் அதிகம் கேட்கிறது என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தண்டலில் கணக்கு இன்னும் மறைந்திருக்கும். 10,000 ரூபாய்க்குத் தண்டல் என்றால் கையில் கொடுப்பது 8,500, தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "நூறு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறுதானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். பாதி நாள் முடியும்போது உங்கள் கையில் பாதிப் பணம்கூட இல்லை. சரியாகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. பத்து வட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

நிதி நிறுவனங்களில் "ஃப்ளாட் வட்டி" என்று சொன்னாலும் கவனம் தேவை. அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதலில் வாங்கிய முழுத்தொகைக்கே கடைசிவரை வட்டி போடுவதுதான் அது. ஒரு லட்சத்துக்கு 12 சதவீதம் ஃப்ளாட், 24 மாதம் என்றால் வட்டி 24,000, மாதத் தவணை சுமார் 5,167. குறையும் பாக்கி மேல் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல். கையெழுத்துப் போடுவதற்கு முன் "எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டு சதவீதம் எவ்வளவு?" என்று கேளுங்கள். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடனுக்குத் தர வேண்டிய முக்கிய விவரத் தாளில் அந்த எண் இருக்க வேண்டும்.

நாலைந்து இடத்தில் கடன் இருக்கிறது. எதை முதலில் அடைப்பது?

நம் வீடுகளில் இந்த வரிசையை வட்டி தீர்மானிப்பதில்லை, வெட்கம்தான் தீர்மானிக்கிறது. வாசலில் நின்று சத்தம் போடுகிறவருக்கு முதல் பணம் போகிறது. மரியாதையாக மாதாமாதம் வந்து வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர் வருடக்கணக்கில் நிற்கிறார். அக்கம்பக்கத்தில் தலைகுனிவு வந்துவிடக் கூடாது என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் குடும்பத்தை உள்ளுக்குள் அரிப்பது அந்த மரியாதையான மனிதரின் வட்டியாக இருக்கலாம்.

ஒரு உதாரணம். கணவர் வேன் ஓட்டுகிறார், மனைவி வீட்டில் தையல். இருவருக்கும் சேர்த்து மாதம் 30,000 வருமானம். தெரிந்தவரிடம் அஞ்சு வட்டிக்கு 50,000, மாத வட்டி 2,500. கிரெடிட் கார்டில் 40,000, குறைந்தபட்சத் தொகை 2,000. மகளிர் குழுக்கடனுக்கு மாதம் 3,200. பைக் தவணை 2,800. மைத்துனரிடம் வட்டியில்லாக் கைமாற்று 30,000. மைத்துனருக்கு மாதாமாதம் எதுவும் போவதில்லை, ஆனால் விசேஷத்தில் பார்த்தால் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார். மாதம் 10,500 கடனுக்கே போகிறது.

இந்த வீட்டில் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் முதலில் யாருக்குப் போகும்? மைத்துனருக்குத்தான், வெட்கத்தால். ஆனால் அஞ்சு வட்டிக்கு இருபது மாதம் கட்டிவிட்டால் 50,000 ரூபாய் கொடுத்து முடித்திருப்பார்கள், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது.

மனைவியின் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ வைத்து 50,000 வாங்கி அஞ்சு வட்டியை முழுதாக முடிக்கட்டும். நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே 2,500 ரூபாயை மாதாமாதம் நகைக்கடனில் கட்டினால் 22 மாதத்தில் கடனும் முடியும், சங்கிலியும் கைக்கு வரும். கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கத் தேவையில்லை, பணம் போகும் இடம்தான் மாறுகிறது. இடையிடையே அசலில் கட்டலாமா என்பதை நகை வைக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிரெடிட் கார்டு. குழுக்கடனும் பைக் தவணையும் பிசகாமல் ஓடட்டும், முன்கூட்டி அடைக்க அவசரமில்லை. மைத்துனரிடம் நேரில் போய்ப் பட்டியலைக் காட்டி, "இன்ன மாதத்திலிருந்து உங்கள் பாக்கியை முழுதாக அடைக்க ஆரம்பிக்கிறோம், அதுவரை மாதம் ஐந்நூறு" என்று சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர்களுக்குக் கோபம் பணத்தின் மேல் இருப்பதைவிடப் பேச்சே எடுக்காமல் நழுவுவதன் மேல்தான் அதிகம்.

தண்டல் இருந்தால் அதற்குத் தனி விதி. வட்டியை முதலிலேயே பிடித்துக்கொள்வதால், முன்கூட்டி அடைத்தாலும் பெரும்பாலும் எதுவும் மிச்சமாகாது. நூறு நாளும் கட்டி முடியுங்கள், ஆனால் மறு தண்டல் எடுக்காதீர்கள். எண்பதாவது நாளிலேயே "அடுத்தது போடட்டுமா அக்கா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

நகையை அடகு வைப்பதா, விற்பதா?

எப்போது மீட்போம் என்று தேதியோடு சொல்ல முடிந்தால் அடகு. அதே நகையை இரண்டாவது முறையாக வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறீர்கள் என்றால் விற்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். தாலியைச் சொல்லவில்லை. பீரோவிலும் வங்கியிலுமாக மாறி மாறி இருக்கும் வளையலைச் சொல்கிறேன். நகை ஏலத்துக்குப் போய்விட்டால் விலை உங்கள் கையில் இல்லை.

ரிசர்வ் வங்கி 2025-ல் வெளியிட்ட விதிகளின்படி 2.5 லட்சம் ரூபாய் வரையான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். தருகிறார்கள் என்பதற்காக முழுதும் வாங்காதீர்கள். தேவைக்கு மட்டும் வாங்கினால் மீட்பது சுலபம். கடனை முழுதாகக் கட்டிய பிறகு நகையை அதிகபட்சம் 7 வேலை நாளில் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தரப்பில் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். ஏன் குறையவே மாட்டேன் என்கிறது?

மேலே சொன்ன 40,000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,400. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252. ஆக 1,652. நீங்கள் கட்டும் 2,000-இல் அசலுக்குப் போவது 348 ரூபாய்தான். இதோடு புதிதாக எதையாவது அதே கார்டில் வாங்கினால், அதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

கார்டை உபயோகிப்பதை நிறுத்துங்கள். மொத்தப் பாக்கியையும் மாதத் தவணையாக மாற்றித் தரும்படி வங்கியைக் கேளுங்கள். அந்த வட்டி பெரும்பாலும் கார்டு வட்டியைவிட மிகக் குறைவு.

மகளிர் குழுக்கடன் வாரத் தவணை கட்ட முடியவில்லை. வசூலுக்கு வருபவர்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். இது சரியா?

சரியில்லை. முதலில் ஒரு வேறுபாடு: தருமபுரியில் 1989-ல் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள், உறுப்பினர்களின் சொந்தச் சேமிப்பிலிருந்து தங்களுக்குள் கடன் கொடுத்து, பிறகு வங்கிக் கடன் பெறுபவை. இன்று தெருவுக்குத் தெரு வரும் மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள் வேறு. பத்துப் பெண்களைச் சேர்த்து உட்கார வைப்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மைக்ரோ ஃபைனான்ஸில் சேமிப்பு கிடையாது, கடன் மட்டும்தான். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும் என்ற பயத்தால்தான் வசூல் நடக்கிறது. அக்கம்பக்கத்துப் பெண்களையே ஒருவருக்கொருவர் வசூல்காரர்களாக ஆக்கும் இந்த ஏற்பாடு கொடுமையானது.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கடன் ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கானது, எந்த ஈடும் கேட்கக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. வசூல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். அந்த இடத்துக்கு நீங்கள் தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். வந்தாலும் மிரட்டவோ கெட்ட வார்த்தை பேசவோ உரிமை இல்லை.

வசூலுக்கு வருகிற பையன் அல்லது பெண் மேலிடத்துக்குப் பயந்து ஓடுபவர். அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. கிளை மேலாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம், கட்டணம் இல்லை.

கந்துவட்டிக்காரர் மிரட்டுகிறார். சட்டம் உண்மையிலேயே உதவுமா?

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது. தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் மட்டும் நீதிமன்றத்தில் செலுத்திக் கடனைத் தீர்க்கவும் அதில் வழி உண்டு. வற்புறுத்தி வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் இன்னொரு சட்டமும் வந்தது.

சட்டம் இருந்தும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. சின்னக் குழந்தைகளும் அதில் இறந்தார்கள். திரும்பத் திரும்ப மனு கொடுத்த குடும்பம் அது. அதனால் "புகார் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நான் எழுத மாட்டேன். புகாரை வலுவாகக் கொடுப்பது எப்படி என்று சொல்கிறேன்.

இனி எந்த வட்டியையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ அனுப்புங்கள். வாங்கிய தேதி, கையில் வந்த தொகை, இதுவரை கட்டியது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மிரட்டல் குரல்பதிவு, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் ஏற்பு ரசீது கேட்டு வாங்குங்கள். அங்கே அசையவில்லை என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், அப்புறம் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம். தனியாகப் போகாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் உதவி இலவசம், பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. எண் 15100.

செல்போன் ஆப்பில் வாங்கிய கடனுக்கு, என் போட்டோவை மாற்றி எல்லோருக்கும் அனுப்புவோம் என்கிறார்கள்.

இது கடன் வசூல் இல்லை, குற்றம். பணம் கட்டினால் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், பயந்தவரிடம் இன்னும் கேட்பார்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் சொல்லுங்கள். செய்திகளைப் படமெடுத்து வையுங்கள். தொடர்புப் பட்டியலில் இருக்கும் உறவினர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு, "இப்படி ஒரு மோசடிக் கும்பல் படம் அனுப்பலாம், நம்பாதீர்கள்" என்று ஒரு செய்தி போட்டுவிடுங்கள். அவர்கள் கையிலிருக்கும் ஒரே ஆயுதம் உங்கள் வெட்கம். அதை நீங்களே பிடுங்கிவிடுகிறீர்கள்.

முறையான ஆப் என்றால் பின்னால் ஒரு வங்கியோ பதிவு பெற்ற நிதி நிறுவனமோ இருக்கும், பணம் அவர்கள் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வரும். தொடர்பு எண்கள், புகைப்படங்கள் எதையும் அது தொடக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த ஆப் வேண்டாம்.

வேலை போய்விட்டது. வங்கித் தவணை கட்ட முடியாது. போனை எடுக்காமல் இருப்பதா?

எடுங்கள். தவணை தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போய்க் காரணத்தை எழுதிக் கொடுத்து, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள். கட்டாயம் தருவார்கள் என்றில்லை. ஆனால் முன்கூட்டிச் சொன்னவருக்கும் ஆறு மாதம் ஒளிந்தவருக்கும் கிடைக்கும் மரியாதை வேறு. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ அழைக்கக் கூடாது. உங்கள் முதலாளிக்கோ பக்கத்து வீட்டுக்கோ சொல்லி அவமானப்படுத்தவும் கூடாது.

"பாதி கட்டுங்கள், செட்டில்மென்ட் போட்டு முடித்துவிடலாம்" என்பார்கள். வேறு வழியே இல்லையென்றால் செய்யலாம். ஆனால் சிபில் அறிக்கையில் அது "செட்டில்டு" என்று பதிவாகும், பிறகு பல ஆண்டுகள் வங்கிக் கடன் கிடைப்பது கடினம். பணம் கட்டுவதற்கு முன்பே நிறுவனத்தின் கடிதத்தைக் கையில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி முகவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள்.

கடன் கட்டாவிட்டால் ஜெயிலா? வீட்டுச் சாமானை எடுத்துப் போவார்களா?

கட்ட வழியில்லாமல் கடன் நிற்பது குற்றம் அல்ல, அது சிவில் விவகாரம். வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றினால்தான் சிவில் சிறை என்ற பேச்சு வரும். வசதியில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சிறையில் அடைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. பணக் கடன் தீர்ப்பை நிறைவேற்ற ஒரு பெண்ணைக் கைது செய்யவே முடியாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு சொல்கிறது.

அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள் எதையும் ஜப்தி செய்ய முடியாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையையும் தொட முடியாது. தாலி அப்படிப்பட்டதுதான். நீதிமன்ற அமீனாவுக்கே இல்லாத அதிகாரம், வாசலில் நின்று "மிக்சியைத் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்கிறவருக்கு எங்கிருந்து வந்தது?

காசோலை விஷயம் மட்டும் வேறு. கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால் அது குற்ற வழக்கு, இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அதனால்தான் தொகை எழுதாத காசோலையிலும் வெற்றுப் புரோநோட்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அப்பா வாங்கிய கடனும் இருக்கிறது. இரண்டும் என் தலையிலா?

ஜாமீன் உங்கள் தலையில்தான். நண்பர் கட்டாவிட்டால் முழுப் பாக்கிக்கும் நீங்களே கடன்காரர். "சும்மா ஒரு கையெழுத்து" என்று எதுவும் கிடையாது.

இறந்துபோன அப்பாவின் கடன் அப்படியல்ல. அவர் விட்டுச் சென்ற சொத்து உங்களுக்கு வந்திருந்தால் அந்த மதிப்பு வரைதான் பொறுப்பு. எதுவும் வரவில்லை என்றால் சட்டப்படி கட்ட வேண்டியதில்லை. துக்க வீட்டில் வைத்து மகனிடம் புதுப் புரோநோட்டு எழுதி வாங்கப் பார்ப்பார்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மொய்ப் பணத்தைக் கணக்கில் சேர்ப்பதா?

கண்டிப்பாகச் சேருங்கள், கடன் பட்டியலில். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தில் ஒரே நாளில் லட்சக்கணக்கில் பணம் சேரும். வட்டியில்லாமல் ஊரே சேர்ந்து ஒருவரைத் தூக்கிவிடும் அருமையான ஏற்பாடு அது. ஆனால் நோட்டில் எழுதியிருக்கும் ஒவ்வொரு பெயரும் திரும்பக் கொடுக்க வேண்டிய பாக்கி, அதுவும் கொஞ்சம் கூட்டி. மொய்ப் பணத்தில் வட்டிக்கடனை அடைத்தவர்களும் நிலம் வாங்கியவர்களும் தாங்குகிறார்கள். அதை விருந்துக்கும் பந்தலுக்கும் செலவழித்தவர்கள், அடுத்த ஐந்து ஆண்டு வரும் பத்திரிகைகளைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். மொய் நோட்டைப் புரட்டி, இந்த வருடம் யார் யார் வீட்டில் விசேஷம் வரும் என்று முன்கூட்டிப் பார்த்து வையுங்கள்.

சீட்டுப் போடலாமா?

பதிவு செய்த ஏலச்சீட்டு என்றால் போடலாம். 1982-ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக் குழுவையும் தனித்தனியாகப் பதிய வேண்டும், நடத்துபவரின் கழிவு 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தெருவில் ஒருவர் நடத்தும் தீபாவளிச் சீட்டுக்கு அவருடைய நாணயம் மட்டும்தான் உத்தரவாதம். போனாலும் தாங்கும் அளவுக்கு மேல் அதில் போடாதீர்கள். கடனை அடைக்கச் சீட்டைத் தள்ளி எடுப்பவர்கள், எடுத்த பிறகும் மாதாமாதம் கட்ட வேண்டும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். எடுத்த சீட்டும் கடன்தான்.

கடன் இருக்கும்போது சேமிப்பது அசட்டுத்தனம் இல்லையா?

வட்டிக் கணக்கை மட்டும் பார்த்தால் ஆமாம். ஆனால் கையில் ஒன்றுமே இல்லாத வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மறுபடி வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும். ஐயாயிரமோ பத்தாயிரமோ சேரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்குங்கள். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் கடனுக்குப் போகட்டும். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை வருகிற வீடு என்றால், ஆறு மாதம் அந்தக் கணக்கைத் தொடாமல் விட்டாலே இது சேர்ந்துவிடும்.

அப்புறம் முதல்வர் மருத்துவக் காப்பீட்டு அட்டை. தகுதி இருந்தும் வாங்காமல் இருந்தால் இந்த வாரமே போய்ப் பதியுங்கள், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய் பிடிக்கும் ஆயுள் காப்பீடும் ஒவ்வொன்றும் 2 லட்சத்துக்கானவை. சம்பாதிப்பவர் ஒருவரே என்றால் இந்த 456 ரூபாயை எந்தக் கஷ்டத்திலும் நிறுத்தாதீர்கள்.

ராத்திரி தூக்கமே இல்லை. செத்துவிடலாம் போல இருக்கிறது.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நிமிடமே யாரிடமாவது சொல்லுங்கள். 104 அல்லது 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு செலவில்லை. வீட்டில் ஒருவர் திடீரென்று பேச்சைக் குறைத்து, பிள்ளைகளைப் பற்றி மட்டும் "பார்த்துக்கோ" என்று சொல்ல ஆரம்பித்தால் தனியாக விடாதீர்கள், நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கடனுக்கு நீதிமன்றம், சமரசம், காலநீட்டிப்பு என்று எத்தனையோ வழி இருக்கிறது. அவரை நம்பியிருக்கும் வீட்டுக்கு அவருக்குப் பதிலாக இன்னொருவர் இல்லை.

கடைசித் தவணையும் கட்டியாயிற்று. வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

வேண்டும், அன்றைக்கே. தனியாரிடம் வாங்கியது என்றால் புரோநோட்டையும் காசோலையையும் கையில் வாங்கிய பிறகே கடைசிப் பணத்தைக் கொடுங்கள். "வீட்டில் தேடித் தருகிறேன்" என்றால் பணமும் அப்போதே. வங்கியில் பாக்கியில்லாச் சான்று கேளுங்கள். வண்டிக் கடன் என்றால் ஆர்சி புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயரை நீக்க வேண்டும். வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தால், கடன் முடிந்த 30 நாளில் வங்கி திருப்பித் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. பத்திரத்தை வாங்கிய பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்து பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் அந்தக் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காட்டவில்லை என்றால் பாக்கியில்லாச் சான்றின் நகலோடு அந்த நிறுவனத்துக்கே எழுதலாம், திருத்தக் கட்டணம் இல்லை.